மீதிக்குப் பச்சைத் தண்ணி

எங்க அண்ணியைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல பச்சைத் தண்ணியைப் பத்திச் சொல்லணும்.

பச்சைத் தண்ணின்னா உங்களுக்கு என்ன? குழாயைத் திறந்தா வர்றது. காய்ச்சாதது, ஒண்ணும் கலக்காதது. குளிக்கப் போறவங்ககிட்ட "சுடு தண்ணியா, பச்சைத் தண்ணியா"ன்னு கேக்கறோமே, அது. ஆனா நானும் அண்ணியும் வேலை பார்க்கற சிப்பிக் குஞ்சுப் பண்ணையில மட்டும் அந்த வார்த்தைக்கு வேற அர்த்தம். அங்க பச்சைத் தண்ணின்னா நெஜமாவே பச்சையா இருக்கற கடல் தண்ணி. கண்ணுக்குத் தெரியாத பாசி கோடிக்கணக்குல மிதக்கற தண்ணி. சிப்பிக் குஞ்சுக்கு அதுதான் தாய்ப்பால். சில வகைப் பாசி டீ கலர்ல இருக்கும். அதையும் நாங்க பச்சைத் தண்ணின்னுதான் சொல்லுவோம். புதுசா வேலைக்கு வந்தவங்க யாராவது "இது டீ கலர்ல இருக்கே"ன்னு கேட்டா, "டீ வேணும்னா கடைக்குப் போ"ன்னு நான் அனுப்பிடுவேன். அண்ணிதான் நின்னு நிதானமா விளக்குவாங்க. எனக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது.

அண்ணி காலேஜ்ல செடி கொடி படிச்சவங்க. கல்யாணம் பேசினப்ப எங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம், மருமக வந்து வீட்டைச் சுத்தித் தோட்டம் போடுவான்னு. வந்த மருமக ஒரு ரோஜாச் செடிகூட நடல. ஒரு கண்ணாடி ஜாடியை எடுத்துக்கிட்டு வளைகுடாப் பக்கம் போய், தண்ணியை மொண்டு வெயில்ல தூக்கிப் பிடிச்சுப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. எங்கம்மா என்னை அனுப்பி, என்ன பண்றான்னு பார்த்துட்டு வரச் சொன்னாங்க. நான் போய்க் கேட்டேன், "என்ன அண்ணி, தண்ணியில என்ன தேடறீங்க?"

"தோட்டம்" அப்படின்னாங்க.

எனக்கு இவங்க நம்மளைக் கிண்டல் பண்றாங்களோன்னு சுருக்குனு கோபம் வந்துச்சு. அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க கிண்டலே பண்ணல. கடல்ல மேய்ச்சல் நிலம்னு ஒண்ணு இருந்தா அது இந்தப் பாசிதானாம். வெயிலைச் சாப்பிட்டு வளரும். அதைச் சின்னப் பூச்சி சாப்பிடும், பூச்சியை மீன் சாப்பிடும், மீனை நாம சாப்பிடறோம். சிப்பிக்கு நடுவுல ஆளே வேண்டாம், தண்ணியை உறிஞ்சி நேரா பாசியையே சாப்பிட்டுடும். நாம இழுக்கற மூச்சுலகூட பாதிக்குப் பாதி இந்தக் கடல் பாசி விட்ட மூச்சுதான்னு சொன்னாங்க. நான் வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட, "உன் மருமக தோட்டத்தைக் கடல்ல போட்டிருக்கா"ன்னு சொல்லிட்டு என் வேலையைப் பார்க்கப் போயிட்டேன்.

பண்ணையில அவங்களுக்குப் பாசி அறை. எனக்குப் பின்கட்டு: சிப்பி ஓடு தேய்க்கறது, தொட்டி கழுவறது, எல்லாரையும் விரட்டறது. பாசி அறைக்குள்ள போனா கண்ணு கூசும். சுவர் முழுக்கக் கண்ணாடி அலமாரி, அதுக்குப் பின்னால வரிசையா டியூப்லைட். தட்டுல சின்னக் குடுவை, அதுக்குக் கீழ பெரிய பாட்டில், தரையில ஆள் உசரத்துக்குத் தொங்கற பிளாஸ்டிக் பைகள். எல்லாத்துக்குள்ளயும் மெல்லிசுக் குழாய் வழியா காத்து போய்க் குமிழி விட்டுக்கிட்டே இருக்கும். குடுவையில வளர்ந்தது பாட்டிலுக்குப் போகும், பாட்டில்ல வளர்ந்தது பைக்குப் போகும், பையில இருந்து குஞ்சுத் தொட்டிக்குப் போகும். அண்ணி காலையில வந்ததும் ஒரு துளித் தொட்டித் தண்ணியை மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்ப்பாங்க. குஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ள இருக்கறது அப்படியே தெரியும். வயித்துல டீ கலர்ல ஒரு பொட்டு இருந்தா சாப்பிட்டிருக்குன்னு அர்த்தம். அதைப் பார்த்த பிறகுதான் அண்ணி தன் டிபன் டப்பாவைத் திறப்பாங்க. இது ஒரு நாளும் மாறினதில்ல.

அண்ணன் பண்ணையில இல்ல. அவன் வளைகுடாவுல மிதவை கட்டி, கயித்துல சிப்பி வளர்க்கறவன். நாங்க குஞ்சு குடுப்போம், அவனை மாதிரி ஆளுங்க வளர்த்து எடுப்பாங்க. அதிகம் பேச மாட்டான். சொன்ன வேலையைச் சொன்னதுக்கு மேலயே செய்வான். அந்தக் குணம்தான் கடைசியில காலை வாரிச்சு.

அந்த வருஷம் கோடை பொல்லாத கோடை. வளைகுடாத் தண்ணி கொதிக்காத குறை. கயித்தை இழுத்தா சிப்பியெல்லாம் வாயைப் பொளந்துக்கிட்டு வருது. நாத்தம் தெரு வரைக்கும் அடிச்சுது. பக்கத்து மிதவைக்காரங்க ஒவ்வொருத்தரா வேற தொழில் தேடிக் கிளம்பிட்டாங்க. அண்ணியோட தம்பி அண்ணனுக்குப் போன் பண்ணி, "மாமா, இங்க லாரி ஓட்ட ஆள் கேக்கறாங்க, வந்துடுங்க"ன்னு கூப்பிட்டார். அண்ணன் போனை வெச்சுட்டு மிதவைக்குப் போயிட்டான்.

எல்லாம் செத்த இடத்துலயும் ஒரு கூடை சிப்பி சாகாம இருந்துச்சு. அண்ணிதான் ஒவ்வொரு மிதவையா ஏறித் தேடிச் சேர்த்துக்கிட்டு வந்தாங்க. "இந்தச் சூட்டைத் தாங்கினது இதுதான். இதோட குஞ்சும் தாங்கும்"னு சொன்னாங்க. அதுங்க முட்டை விட்டுச்சு, குஞ்சு நல்லா பொரிஞ்சுது. முட்டை விட்ட சிப்பி வத்திப் போயிடும், மறுபடி அடுத்த வருஷம்தான். ஆக, இந்த ஒரு தொட்டிக் குஞ்சு பிழைச்சா வளைகுடாவுல தொழில் உண்டு. இல்லைன்னா அண்ணன் லாரி ஓட்டப் போக வேண்டியதுதான். எல்லாருக்கும் இது தெரியும்.

அப்பப் பார்த்து அண்ணிக்குக் கடவாய்ப் பல் வீங்கிடுச்சு.

வலியை அடக்கிக்கிட்டே வேலை பார்த்தாங்க. முகம் ஒரு பக்கம் பந்து மாதிரி ஆன பிறகு, நான்தான் தரதரன்னு பல் டாக்டர்கிட்ட இழுத்துக்கிட்டுப் போனேன். அன்னிக்குப் பண்ணைக்கு லீவு. குஞ்சுக்குக் காலைத் தீனி போட்டாச்சு. பையிலயும் பாட்டில்லயும் குடுவையிலயும் பாதியை எடுத்தாச்சு. புதுப் பையில கடல் தண்ணி வடிகட்டிப் பாதிக்கு ரொப்பி வெச்சாச்சு. மேல்பாதிக்குப் பழைய பையில இருக்கற பச்சைத் தண்ணியை ஊத்தினா வேலை முடிஞ்சுது. நாங்க போயிட்டு வந்து செஞ்சுக்கலாம்னுதான் இருந்தோம். ஆனா டாக்டர் பல்லை எடுத்துட்டு, ரத்தம் நிக்கல, சாயங்காலம் வரைக்கும் இங்கயே இருங்கன்னு சொல்லிட்டார். அண்ணி வாயில பஞ்சை அடைச்சுக்கிட்டு அண்ணனுக்குப் போன் போட்டாங்க. சாவி எங்க இருக்குன்னு சொன்னாங்க. அப்புறம் சொன்னாங்க: "புதுப் பையெல்லாம் பாதிதான் இருக்கும். மீதிக்குப் பச்சைத் தண்ணி ஊத்துங்க."

பஞ்சு அடைச்ச வாய். அதுக்கு மேல பேச முடியல. நான் பக்கத்துலயேதான் உக்கார்ந்திருந்தேன். எனக்கும் அது சரியாத்தான் கேட்டுச்சு.

அண்ணன் போனான். பாதி இருந்த பையைப் பார்த்தான். குழாயில ரப்பர் டியூபை மாட்டினான். மீதிக்குப் பச்சைத் தண்ணி ஊத்தினான். குளோரின் கலந்து தெருவுக்கெல்லாம் வர்ற, நாம குடிக்கற பச்சைத் தண்ணி. புதுப் பையோட விட்டிருந்தாலும் பரவாயில்ல. பழைய பையும் பாட்டிலும் குடுவையும்கூட வத்தியிருக்கே, பாவம் உடம்பு முடியாதவ வந்து எதுக்குச் செய்யணும்னு நினைச்சு, ஒண்ணு விடாம எல்லாத்தையும் விளிம்பு வரைக்கும் ரொப்பிட்டு, சிந்தினதைத் துடைச்சு, தரையைக் கூட்டிட்டு வந்திருக்கான்.

மறுநாள் காலையில நாங்க கதவைத் திறந்தப்ப அறை ரொம்பச் சுத்தமா இருந்துச்சு. பைக்குள்ள தண்ணி தெளிவா இருந்துச்சு. அடியில பழுப்பா ஒரு வண்டல். காத்து மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு.

அண்ணி ஒரு பையைத் தொட்டுப் பார்த்தாங்க, அடுத்த பையைத் தொட்டுப் பார்த்தாங்க. அண்ணனைக் கூப்பிட்டாங்க. அவன் வந்து, "என்ன, நான் குழாய்த் தண்ணிதானே ஊத்தினேன், பச்சைத் தண்ணின்னு சொன்னியே"ன்னான். சொல்லும்போதே எங்க மூஞ்சியைப் பார்த்துட்டான்.

நான் விட்டேனா? "கூறுகெட்டவனே, பாசிக்குப் போய் யாராவது குழாய்த் தண்ணி ஊத்துவாங்களா"ன்னு ஆரம்பிச்சு, நாக்குல நரம்பில்லாம பேசினேன். அண்ணி கையை நீட்டி என்னை நிறுத்தினாங்க. "நான் சொன்னதைத்தான் அவர் செஞ்சார்" அப்படின்னாங்க. வீங்கின கன்னத்தோட அவ்வளவுதான் சொன்னாங்க.

மேனேஜர் சார் ஓடி வந்தார். நல்ல மனுஷன், கத்தத் தெரியாது. மூல விதைப் பாசி குளிர்பெட்டியில டெஸ்ட் டியூப்ல பத்திரமா இருந்துச்சு, ஆனா அதை வளர்த்துப் பை அளவுக்குக் கொண்டு வர மாசக்கணக்கு ஆகும். வெளியூர்ல இருந்து தீனி வரவழைக்கலாம், அதுவும் குஞ்சு சாகறதுக்குள்ள வந்து சேராது. மிச்சம் இருந்தது முந்தின நாள் குஞ்சுத் தொட்டிகிட்ட எடுத்து வெச்ச ஒரு வாளிப் பச்சைத் தண்ணிதான். சார் நாற்காலியில உக்கார்ந்து, "விட்டுடலாம்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்"னார்.

"அடுத்த வருஷம் யாருக்கு சார் குஞ்சு குடுக்கறது? எல்லாரும் போயிருப்பாங்க" அப்படின்னாங்க அண்ணி. "பாசி இந்த அறையில மட்டுமா இருக்கு? இது பொறந்த இடம் வெளியதான இருக்கு."

"கடல் தண்ணியைக் குஞ்சுத் தொட்டியில விடறதா? நோய் இருக்கும், குஞ்சைத் திங்கற பூச்சி இருக்கும். அதுக்குத்தானே வடிகட்டியே வாங்கினோம்."

"வயிறு காஞ்சா கண்டிப்பா சாகும் சார். இதைக் குடுத்தா சாகலாம், பிழைக்கலாம். எனக்கு அது போதும்."

அண்ணி குரலை உசத்த மாட்டாங்க. ஆனா ஒண்ணைப் பிடிச்சா உடும்புப் பிடி. சார் கொஞ்ச நேரம் நெத்தியைத் தடவிக்கிட்டு இருந்துட்டு, சரின்னுட்டார்.

கடல் தண்ணின்னா எல்லாத் தண்ணியிலயும் பாசி ஒரே மாதிரி இருக்காது. எங்க நல்லா விளையுதுன்னு கண்டுபிடிக்கணும். அதுக்கு அண்ணிகிட்ட ஒரு வழி இருந்துச்சு. ஒரே இடத்துத் தண்ணியை ரெண்டு பாட்டில்ல பிடிச்சு இறுக மூடணும். ஒரு பாட்டில் வெறும் கண்ணாடி, இன்னொண்ணு கறுப்புத் துணி சுத்தினது. ரெண்டையும் கயித்துல கட்டிப் பகல் முழுக்க அதே தண்ணியில தொங்க விடணும். "வெளிச்ச பாட்டில்ல சமையலும் நடக்கும், சாப்பாடும் நடக்கும். இருட்டு பாட்டில்ல அடுப்பு எரியாது, சாப்பாடு மட்டும்தான்"னு எனக்குச் சொன்னாங்க. சமைச்சா பிராணவாயு சேரும், சாப்பிட்டா செலவாகும். சாயங்காலம் மருந்து விட்டு ரெண்டுலயும் பிராணவாயு எவ்வளவுன்னு பார்த்தா, வித்தியாசம்தான் அந்தத் தண்ணி அன்னிக்குச் சமைச்சது. வித்தியாசம் பெருசுன்னா விளைச்சல் பெருசு.

படகு ஓட்ட அண்ணன் வந்தான். யாரும் கூப்பிடல, விடிஞ்சதும் துடுப்போட வந்து நின்னான். பச்சைத் தண்ணி ஊத்தின ஆளு, அன்னியில இருந்து பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாம இருந்தான். நான் டிபனை நீட்டினா முகத்தைத் திருப்பிக்கிட்டான். எனக்கு அவன் மேல கோபமும் தீரல, அவனைப் பார்க்கச் சகிக்கவும் இல்ல.

முதல்ல முகத்துவாரத்துக்கு வெளிய போனோம். நீலமா, அடி வரைக்கும் தெரியற அழகான தண்ணி. இங்கதான் இருக்கும்னு நான் அடிச்சுச் சொன்னேன், ஒரு ஜோடி பாட்டிலை அங்க கட்டினோம். இன்னொரு ஜோடி, ஓடை வந்து கடல்ல விழற இடத்துல கட்டினோம், ஓடை கொண்டு வர்ற உரமெல்லாம் பாசிக்குப் பிடிக்குமேன்னு. சாயங்காலம் பார்த்தா ரெண்டு இடத்துலயும் வெளிச்ச பாட்டிலுக்கும் இருட்டு பாட்டிலுக்கும் பெருசா வித்தியாசமே இல்ல. நீலத் தண்ணியில பாசிக்கு உரம் இல்ல, அது வெறும் காலித் தட்டு. ஓடைத் தண்ணியில உரம் இருக்கு, ஆனா சேறு வெயிலை உள்ள விடல. நான் அப்படியே படகுத் தட்டுல உக்கார்ந்துட்டேன். அந்த ஒரு வாளியும் அன்னிக்குத் தீர்ந்துடும்.

அண்ணி பாட்டிலைத் துடைச்சுக்கிட்டே, "உரமும் வேணும், வெயிலும் வேணும்" அப்படின்னு தனக்குத்தானே சொல்லிக்கிட்டாங்க.

அப்பதான் அண்ணன் வாயைத் திறந்தான். "கலங்கல் தெளியற இடம் ஒண்ணு இருக்கு."

அண்ணி நிமிர்ந்து பார்த்தாங்க.

"ஓடைத் தண்ணி நம்ம பழைய மிதவை தாண்டி வந்ததும் ஓட்டம் குறைஞ்சு நிக்கும். சேறு அங்க கீழ உக்கார்ந்துடும். நீர் இறங்கும்போது பார்த்தா கோடு போட்ட மாதிரி தெரியும். அந்தப் பக்கத்துத் தண்ணி கொஞ்சம் பச்சையா இருக்கும். அங்க இருக்கற மிதவையில சிப்பி எப்பவும் கொழுத்திருக்கும்." இதைச் சொல்லிட்டு, "நெஜமாவே பச்சையா இருக்கும்"னு சேர்த்துக்கிட்டான்.

மறுநாள் பாட்டில் போட்டுட்டு முடிவுக்குக் காத்திருக்கப் பொழுதில்ல. காலையிலயே கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் பீப்பாய் பீப்பாயா மொண்டோம். ஒரு ஜோடி பாட்டிலை மட்டும் அண்ணி கட்டித் தொங்க விட்டுட்டு வந்தாங்க. பண்ணையில மொட்டை மாடியில நான் வெள்ளைத் தொட்டியெல்லாம் தேய்ச்சு வெச்சிருந்தேன். முதல்ல கனத்த துணியில வடிச்சோம், அப்புறம் மாவுச் சல்லடையைவிடப் பல மடங்கு நெருக்கமான வலையில வடிச்சோம், பூச்சி மேல தங்கிடும், பாசி இறங்கிடும். கொஞ்சம் உரம் போட்டு, காத்துக் குழாய் விட்டு, வெயில்ல வெச்சோம். மேனேஜர் சார் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு வந்து வலையைப் பிடிச்சார். அண்ணன் மாடிக்கும் படகுக்கும் நடந்துக்கிட்டே இருந்தான், நில்லுன்னாலும் நிக்கல.

சாயங்காலம் அந்த ஜோடி பாட்டிலுக்கு மருந்து விட்டப்ப அண்ணி கண்ணை மூடித் திறந்தாங்க. இருட்டு பாட்டில் எங்கயோ இருக்கு, வெளிச்ச பாட்டில் எங்கயோ இருக்கு. மறுநாள் பகல்ல மொட்டை மாடித் தொட்டியில தண்ணி லேசா நிறம் ஏறிச்சு. எட்டிப் பார்த்து, எனக்கு மட்டும்தான் அப்படித் தெரியுதோன்னு சந்தேகம். சாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவருக்கும் தெரிஞ்சுது.

அதைக் குஞ்சுத் தொட்டியில விட்டோம்.

அடுத்த நாள் காலையில அண்ணி ஒரு துளி எடுத்து மைக்ராஸ்கோப்புல வெச்சாங்க. ரொம்ப நேரம் குனிஞ்சே இருந்தாங்க. அப்புறம் நகர்ந்துக்கிட்டு, வாசல்ல நின்னுக்கிட்டிருந்த அண்ணனைக் கூப்பிட்டாங்க.

"ஏங்க, இங்க வந்து பாருங்க."

அவன் ஈரக் கையை வேட்டியில துடைச்சுக்கிட்டு வந்து குனிஞ்சான்.

"நடுவுல என்ன தெரியுது?"

"ஏதோ டீ கலர்ல ஒரு பொட்டு."

"அதுதான் வயிறு. அதுங்க சாப்பிட்டாச்சு." அண்ணி குழாய்கிட்ட போய், அவன் ரப்பர் டியூப் மாட்டின அதே குழாயைத் திறந்து, ஒரு டம்ளர் பிடிச்சுக்கிட்டு வந்து அவன் கையில வெச்சாங்க. "இனி நீங்களும் சாப்பிடுங்க."

அண்ணன் ஒரே மூச்சுல குடிச்சான். குடிச்சுட்டு டம்ளரைக் கீழ வைக்காம அழுதான். நான் ஓடு தேய்க்கற வேலை இருக்குன்னு வெளிய வந்துட்டேன். எனக்கும் கண்ணு கலங்கிடுச்சு, அதை அவங்க பார்க்க வேண்டாம்னு இருந்துச்சு.

எல்லாம் பிழைச்சுதுன்னு சொன்னா பொய். நிறைய செத்துச்சு. ஆனா மிச்சம் இருந்தது நான் தேய்ச்சு வெச்ச ஓட்டுல வந்து ஒட்டிக்கிச்சு, ஓடு முழுக்க மிளகைத் தெளிச்ச மாதிரி. அண்ணன் அதைக் கயித்துல கோத்து, பழைய மிதவையிலயே தொங்க விட்டான். அடுத்த கோடையும் பொல்லாத கோடையாத்தான் வந்துச்சு. கயித்தை இழுத்தப்ப பாதிக்கு மேல வாயை மூடிக்கிட்டு உயிரோட இருந்துச்சு. போன மிதவைக்காரங்கள்ல சில பேர் திரும்பி வந்து எங்ககிட்ட குஞ்சு கேட்டாங்க. அண்ணியோட தம்பி அந்த லாரிக்கு வேற ஆளைச் சேர்த்து விட்டுட்டார்.

மேனேஜர் சார் அதுக்கப்புறம் ஒரு யோசனை சொன்னார். இனிமே பண்ணையில யாரும் பச்சைத் தண்ணின்னு சொல்லக் கூடாது, பாசி நீர்னு சொல்லணும், சுவர்ல எழுதி ஒட்டிடலாம்னு. அண்ணி வேண்டாம்னுட்டாங்க. "வார்த்தை என்ன சார் பண்ணுச்சு" அப்படின்னாங்க. எனக்கு அப்ப அது சும்மா வீம்புன்னு பட்டுச்சு.

போன மாசம் அண்ணிக்கு இன்னொரு பக்கத்துக் கடவாய்ப் பல். மறுபடி நான்தான் கூட்டிக்கிட்டுப் போனேன், மறுபடி ரத்தம் நிக்கல, மறுபடி வாயில பஞ்சு. இந்தத் தடவை பண்ணையில ஆள் இருந்தாங்க, மேனேஜர் சாரே இருந்தார். யாரை வேணும்னாலும் கூப்பிட்டிருக்கலாம். அண்ணி போனை எடுத்து அண்ணனுக்குப் போட்டு, ஸ்பீக்கர்ல வெச்சாங்க.

"ஏங்க. புதுப் பையெல்லாம் பாதிதான் இருக்கும். மீதிக்குப் பச்சைத் தண்ணி ஊத்துங்க."

அதே வார்த்தை, ஒண்ணும் மாத்தல. நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். அண்ணி என் கையைத் தட்டி விட்டாங்க.

அந்தப் பக்கத்துல இருந்து அண்ணன் கேட்டான், "டீ கலர்ல இருக்கறதா, பச்சையா இருக்கறதா?"